டேபிளைக் கையால் ஏற்றாதீர்கள்

தலைப்பைப் பார்த்துவிட்டு, மேசையை மாடிக்கு ஏற்றுகிற சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். கணினியில் டேட்டாபேஸ் என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அதற்குள் இருக்கிற டேபிளைப் பற்றிச் சொல்கிறேன். குமாஸ்தா பாஷையில் சொன்னால் கட்டம் போட்ட ரிஜிஸ்தர். ஒரு வரிக்கு ஓர் ஆள், அல்லது ஓர் ஊர், அல்லது ஒரு வங்கிக் கிளை. அந்த ரிஜிஸ்தருக்குள் புதிய பட்டியலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத்தான் 'அப்லோட் பண்றது' என்கிறார்கள். அதை மனுஷன் கையால் செய்யக் கூடாது, புரோகிராமைக் கட்டுகிற கருவியே செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

எழுபதைத் தாண்டிய பழைய குமாஸ்தாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

பொங்கலுக்குப் பேத்தி வந்திருந்தாள். சென்னையில் ஒரு கம்பெனியில் ஜாவா புரோகிராம் எழுதுகிறாள். போகிப் பண்டிகை இரவு பதினொரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். கூடத்தில் விளக்கு எரிந்தது. லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு காகிதம். அதில் ஒன்று முதல் ஒன்பது வரை நம்பர் போட்டு ஏதோ எழுதியிருந்தது. ஒவ்வொன்றாக முடித்துவிட்டு டிக் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது?"

"ஒண்ணுமில்ல தாத்தா. மூணு மாசத்துக்கு ஒரு தரம் கோட் டேபிளை மாத்தணும். நைட்லதான் பண்ண முடியும். நீங்க போய்ப் படுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பார்த்தேன். நான்காவது: பழைய டேபிளைக் காலி செய்யவும். ஐந்தாவது: புதிய ஃபைலை ஏற்றவும். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே காகிதம் எங்கள் ஆபீஸ் சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தது. அதனால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

2004-ஆம் வருஷம். நான் இருந்த செக்‌ஷனில் ஓய்வூதியப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் போட ஆரம்பித்துச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எந்த ஆபீஸ் என்று சொல்லப் போவதில்லை. சொல்வதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. மாதாமாதம் யாருக்கு எந்த வங்கிக் கிளையில் எவ்வளவு போட வேண்டும் என்று ஒரு பட்டியல் அச்சாகி வரும். கீழே மொத்தத் தொகை இருக்கும். நான் பார்த்து இனிஷியல் போட வேண்டும். பிறகு மேலே போகும்.

வங்கிக் கிளைகளின் நம்பர்களுக்குத் தனியாக ஒரு டேபிள். கிளைகள் இடம் மாறும், ஒன்றோடொன்று சேரும், நம்பர் மாறும். அப்போதெல்லாம் புதிய ஃபைல் வரும். காண்டிராக்டில் வேலை பார்த்த ஒரு பையன், சுவரில் ஒட்டிய காகிதத்தைப் பார்த்து, பழைய டேபிளைக் காலி செய்துவிட்டுப் புதியதை ஏற்றுவான். நல்ல பையன். வேலையில் சுத்தம்.

அந்த மாதம் ஃபைல் இரண்டு துண்டாக வந்திருந்தது. முதல் துண்டை ஏற்றிவிட்டான். நடுவில் யாரோ கூப்பிட, எழுந்து போய்விட்டுத் திரும்பி வந்தான். இரண்டாவதையும் ஏற்றிவிட்டோம் என்று நினைத்து டிக் அடித்துவிட்டான். கம்ப்யூட்டர் எந்தத் தப்பும் சொல்லவில்லை. அதற்குத் தெரிய வழியில்லை. பட்டியல் போடுகிற புரோகிராம், ஒவ்வொரு ஓய்வூதியரின் கிளை நம்பரையும் எடுத்து அந்த டேபிளில் தேடும். கிடைத்தால் அவரைப் பட்டியலில் சேர்க்கும். கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விடும்.

பட்டியல் அச்சாகி வந்தது. பக்கங்கள் வரிசையாக இருந்தன, கூட்டல் சரியாக இருந்தது. இனிஷியல் போட்டேன். போன மாதத்து மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

ஐந்தாறு நாள் கழித்து பாகூர் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர். இரண்டு முறை வங்கிக்குப் போய்ப் பணம் வரவில்லை என்று தெரிந்துகொண்டு, பஸ் பிடித்து எங்களிடம் வந்திருக்கிறார். நவம்பரில் கொடுத்த உயிர்வாழ் சான்றிதழுக்கான ரசீதைப் பத்திரமாகக் கையில் வைத்திருந்தார். அதை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, நான் செத்துட்டேன்னு எழுதிட்டீங்களா?"

யாரும் எழுதவில்லை. அவர் பெயர் அவருடைய டேபிளில் நன்றாகவே இருந்தது. அவருடைய வங்கிக் கிளைதான் இல்லை. அவரைப் போல முப்பது நாற்பது பேர் இருந்தார்கள். எல்லாவற்றையும் கண்டுபிடித்து, துணைப்பட்டியல் போட்டு, கையெழுத்துகள் வாங்கிப் பணம் போய்ச் சேர இன்னும் ஒன்பது நாள் ஆனது. அதற்குள் அந்த அம்மாள் கம்மலை அடகு வைத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

பையனுக்கு மெமோ கொடுத்தார்கள். எனக்குக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நியாயம்.

இந்தக் கதையைப் பேத்தியிடம் அன்று இரவே சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்களுக்கும் இதை மேவன்ல போட்டுடலாம் தாத்தா. நான் சொல்லிட்டேன். லீட்தான், மூணு மாசத்துக்கு ஒரு தரம் பண்ற வேலைக்கு எதுக்கு ரெண்டு நாள் செலவழிக்கணும்னு கேக்கறார்" என்றாள்.

அந்த லீட் சொல்வது தலைகீழ் நியாயம் என்பது என் அபிப்பிராயம். தினமும் செய்கிற வேலை கைக்குப் பழகிவிடும். நடுவில் ஒன்றை விட்டாலும் கையே உறுத்தும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் நடுராத்திரியில், காகிதத்தைப் பார்த்துச் செய்கிற வேலையில்தான் துண்டு விழும். அபூர்வமாகச் செய்கிற வேலையைத்தான் முதலில் இயந்திரத்திடம் கொடுக்க வேண்டும்.

மறுநாள் மத்தியானம், பொங்கல் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணயர்ந்த நேரத்தில், மேவன் என்றால் என்ன என்று எனக்கு விளக்கினாள். புரிந்த வரையில் எழுதுகிறேன்.

ஜாவா புரோகிராம் என்பது நூற்றுக்கணக்கான ஃபைல்கள். அவற்றை மொழிமாற்றி, சோதித்து, ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்புகிற வேலைக்கு 'பில்ட்' என்று பெயர். அதைச் செய்கிற கருவிகளில் ஒன்று மேவன். அபாச்சி என்கிற அமைப்பு இலவசமாகத் தருவது. அதன் 1.0 பதிப்பு வந்ததும் எங்கள் கூத்து நடந்த அதே 2004-இல்தான். என்ன செய்ய வேண்டும் என்பதையெல்லாம் பாம் எக்ஸ்எம்எல் என்ற ஒரே ஃபைலில் எழுதி வைக்கிறார்கள். தமிழ்க் காதுக்கு வெடிகுண்டு மாதிரிக் கேட்கிறது. பிரெஞ்சில் படித்த என் காதுக்கு 'பொம்', அதாவது ஆப்பிள். இரண்டும் இல்லையாம், ப்ராஜெக்ட் ஆப்ஜெக்ட் மாடல் என்பதன் சுருக்கமாம்.

மேவனில் வேலைகள் கட்டம் கட்டமாக நடக்கும். முதலில் சரிபார்ப்பு, பிறகு மொழிமாற்றம், சோதனை, பொட்டலம் கட்டுதல், மறுபடி ஒரு சரிபார்ப்பு, கடைசியில் அனுப்புதல். இந்த வரிசை மாறாது. முன்னது தேறாமல் பின்னது நடக்காது. ஒவ்வொரு கட்டத்திலும் வேண்டிய வேலையை 'பிளகின்' என்ற துணைக்கருவியாகச் செருகிக்கொள்ளலாம். டேபிளை ஏற்றுவதற்கும் பிளகின்கள் உண்டு. அவள் காட்டியது இரண்டு.

ஒன்று எஸ்க்யூஎல் மேவன் பிளகின். எஸ்க்யூஎல் என்பது டேட்டாபேஸிடம் பேசுகிற பாஷை. அந்தப் பாஷையில் எழுதிய ஃபைல்களை வரிசையாகக் கொடுத்தால் இந்தப் பிளகின் ஓட்டிவிடும். இன்னொன்று டிபியூனிட் பிளகின். இதற்கு டேபிளின் வரிகளையே ஒரு ஃபைலாகக் கொடுத்துவிடலாம். எந்த டேட்டாபேஸ், அதன் முகவரி, யார் பெயரில் நுழைவது, எந்த ஃபைல், என்ன செய்வது என்று ஐந்தாறு வரி எழுதினால் போதும். பிறகு யார் எந்த மெஷினில் பில்ட் செய்தாலும் அதே ஃபைல், அதே வரிசையில், அதே டேபிளில் ஏறும். நடுவில் யாரும் எழுந்து போக முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறொன்று. ஏற்ற வேண்டிய ஃபைல், புரோகிராமோடு ஒரே இடத்தில் இருக்கிறது. எங்கள் காலத்தில் அது ஒரு ஃப்ளாப்பியில், யாரோ ஒருவருடைய மேசை இழுப்பறையில் இருந்தது. இப்போது அந்த ஃபைலில் யார், எந்தத் தேதியில், எந்த வரியை மாற்றினார் என்று பார்க்கலாம். மாற்றுவதற்கு முன்னால் இன்னொருவர் படித்து ஒப்புதல் தரலாம். இரண்டாவது துண்டு வந்து சேரவில்லை என்றால் அங்கேயே, பகல் வெளிச்சத்தில், இரண்டு பேர் கண்ணில் படும்.

இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால் கவலை விட்டது என்று நான் சொல்லவில்லை. இரண்டு நாள் கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பேத்தியைப் படாத பாடு படுத்தியதில் சில இடங்களில் பள்ளம் இருப்பது தெரிந்தது.

முதல் பள்ளம், தப்பு நேர்ந்தால் என்ன செய்வது என்ற அமைப்பு. எஸ்க்யூஎல் பிளகினில் ஒரு வரி தகராறு செய்தால் அத்தோடு நிறுத்து என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. 'தொடர்ந்து போ' என்றும் மாற்றி வைக்கலாம். அப்படி வைத்தால் தகராறான வரியை விட்டுவிட்டு மற்றதை ஏற்றிக்கொண்டு போகும். கடைசியில் 'பில்ட் சக்ஸஸ்' என்றும் காட்டும். படிக்காமல் இனிஷியல் போட்ட குமாஸ்தாவுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அந்தக் குமாஸ்தா நான்தான் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்: அந்த அமைப்பைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, டிபியூனிட்டில் 'க்ளீன் இன்சர்ட்' என்று ஒரு கட்டளையும் 'ரெஃப்ரெஷ்' என்று ஒரு கட்டளையும் இருக்கின்றன. முதலாவது, டேபிளில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றும். இரண்டாவது, ஏற்கெனவே இருக்கிற வரியைத் திருத்தும், இல்லாத வரியைச் சேர்க்கும், ஃபைலில் வராத வரியைத் தொடாது. சோதனைக்கு என்று தனியாக வைத்திருக்கிற டேட்டாபேஸுக்கு முதலாவது சரி. ஒவ்வொரு சோதனையும் துடைத்த பலகையில் ஆரம்பிக்க வேண்டும். ஜனங்களுக்குச் சம்பளமும் ஓய்வூதியமும் போடுகிற நிஜ டேட்டாபேஸில் அதை ஓட்டுவது, சுவரில் ஒட்டிய காகிதத்தின் நான்காவது நம்பரை இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பதுதான். கையால் செய்தால் வருஷத்துக்கு நான்கு முறை அழியும். இயந்திரம் ஒவ்வொரு பில்டுக்கும் அழிக்கும்.

மூன்றாவது கொஞ்சம் விசித்திரமானது. டிபியூனிட்டின் சாதாரண எக்ஸ்எம்எல் ஃபைலில், ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்தக் கட்டத்தின் பெயரையே எழுதாமல் விட்டுவிடுவார்கள். டேபிளில் என்னென்ன கட்டங்கள் உண்டு என்பதை அது முதல் வரியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. முதல் வரியில் ஒரு கட்டம் விட்டுப்போயிருந்தால், பின்னால் வருகிற வரிகளில் அந்தக் கட்டம் நிரம்பியிருந்தாலும் அந்த விவரம் ஏறாது. இதைக் கேட்டதும் எனக்குப் பழைய ஞாபகத்தில் நெஞ்சு அடைத்தது. எல்லாக் கட்டமும் நிரம்பிய வரியை முதலில் வைக்க வேண்டும். அல்லது தலைப்பு வரி உள்ள சிஎஸ்வி ஃபைலாகக் கொடுக்க வேண்டும்.

நான்காவது, கடவுச்சொல். பாம் ஃபைல் எல்லோரும் பார்க்கிற பொது ஃபைல். டேட்டாபேஸின் கடவுச்சொல்லை அதில் எழுதினால் கஜானா சாவியை நோட்டீஸ் போர்டில் மாட்டியது போல. அவரவர் மெஷினில் இருக்கிற செட்டிங்ஸ் ஃபைலில் அதை வைத்துவிட்டு, பாம் ஃபைலில் அதற்கு ஒரு பெயரை மட்டும் எழுதலாம். இரண்டு பிளகின்களிலும் அதற்கு வசதி இருக்கிறது.

ஐந்தாவதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். டேட்டாபேஸில் 'ஃபாரின் கீ' என்று ஓர் ஏற்பாடு உண்டு. ஓய்வூதியர் டேபிளில் இருக்கிற கிளை நம்பர், கிளை டேபிளிலும் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்று கட்டிப்போடுவது. எங்கள் ஆபீஸில் அதைப் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தால், பையன் டேபிளைக் காலி செய்யப் போனபோதே டேட்டாபேஸ் மறுத்திருக்கும், 'இந்தக் கிளையை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள்' என்று. இப்போது சிலர் ஏற்றுகிற நேரத்துக்கு மட்டும் இதை அணைத்து வைப்பார்களாம், வேலை சீக்கிரம் முடியும் என்று. மாட்டேன் என்று சொல்ல ஒரே ஒரு ஆள் இருக்கிற இடத்தில் அவனையும் வாயைக் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

சரி, நிஜ டேட்டாபேஸில் புதிய பட்டியலை எப்படித்தான் ஏற்றுவது? இதற்குப் பேத்தி காட்டியது ப்ளைவே, லிக்விபேஸ் என்ற இரண்டு கருவிகள். இரண்டுக்கும் மேவன் பிளகின் உண்டு. ப்ளைவேயைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல, 'இதை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே' என்று தோன்றிக்கொண்டே இருந்தது. பிறகுதான் பிடிபட்டது, எத்தா சிவில்.

புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் பதிகிற பிரெஞ்சு முறைக்கு எத்தா சிவில் என்று பெயர். பிரெஞ்சு சிவில் சட்டப்படி, அந்த ரிஜிஸ்தரில் ஒரு வரி எழுதுவதற்கு முன்பே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நம்பர் போட்டு, ஒவ்வொன்றிலும் நீதிபதி சுருக்கொப்பம் இட்டுத் தர வேண்டியிருந்தது. நடுவில் ஒரு தாளைக் கிழிக்கவும் முடியாது, செருகவும் முடியாது. இரண்டு பிரதி எழுத வேண்டியிருந்தது. வருஷக் கடைசியில் முடித்துக் கையெழுத்திட்டு, ஒன்று ஊரில், ஒன்று நீதிமன்றத்தில். எழுதியதை அழிப்பது என்ற பேச்சே கிடையாது. தப்பு இருந்தால் அதற்கான உத்தரவின் பேரில் ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். விவாகரத்து ஆனாலும் திருமணப் பதிவு அப்படியே இருக்கும், ஓரக்குறிப்பு சேரும். அதனால்தான் இன்றைக்கும் எங்கள் ஊர்க்காரர்கள் பாட்டன் பிறப்புப் பதிவை நாந்த் நகரத்துக்கு எழுதிக் கேட்டு வாங்க முடிகிறது.

ப்ளைவே செய்வதும் ஏறக்குறைய இதேதான். ஒவ்வொரு மாற்றத்தையும் நம்பர் போட்ட தனி ஃபைலாக எழுத வேண்டும். நம்பர் வரிசைப்படி ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் ஓடும். எது, எப்போது, யார் பெயரில் ஓடியது, தேறியதா என்று டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு சரித்திர டேபிளில் பதிவாகும். அதோடு அந்த ஃபைலின் எழுத்துக்களைக் கணக்கிட்டு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் குறித்துவைக்கும். பிறகு யாராவது பழைய ஃபைலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் எண் ஒத்துப்போகாது. 'பழைய பக்கத்தைத் தொட்டிருக்கிறாய்' என்று நின்றுவிடும். தப்பைத் திருத்த வேண்டுமானால் அடுத்த நம்பரில் புதிய ஃபைல் எழுது என்பதுதான் சட்டம்.

அதன்படி பார்த்தால், ஒரு வங்கிக் கிளை மூடப்பட்டால் அந்த வரியை அழிக்கக் கூடாது. 'இன்ன தேதியில் மூடப்பட்டது, இன்ன கிளையோடு சேர்க்கப்பட்டது' என்று பக்கத்துக் கட்டத்தில் எழுத வேண்டும். அப்போது அந்தக் கிளையை நம்பியிருந்தவர் காணாமல் போகமாட்டார். எங்கே மாற்றப்பட்டார் என்பது தெரியும்.

லீட் சொன்ன இன்னொரு ஆட்சேபணையையும் பேத்தி சொன்னாள். அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கையால் ஏற்றும்போது ஒரு மனுஷன் பார்க்கிறான், எல்லாம் தானாக நடந்தால் யார் பார்ப்பது என்கிறார். நியாயமான கேள்வி. என் அனுபவத்தில் பதில் இதுதான். கையால் ஏற்றும்போது அந்தப் பையன் டேபிளைப் பார்க்கவில்லை, காகிதத்தைத்தான் பார்த்தான். நான் பட்டியலைப் பார்க்கவில்லை, கூட்டலைத்தான் பார்த்தேன். கை வேலையாக இருக்கும்போது கண் சும்மா இருந்துவிடுகிறது. வேலையைக் கருவியிடம் கொடுத்தால் கண்ணுக்கு நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் எதைப் பார்ப்பது என்று தீர்மானிப்பதுதான் மனுஷன் வேலை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் திக்தே என்று ஒன்று நடத்துவார்கள். வாத்தியார் படிக்க, நாங்கள் எழுத வேண்டும். எழுதி முடித்ததும் நோட்டை வாங்கிக்கொள்ளமாட்டார். முழுவதையும் மறுபடி ஒருமுறை நிதானமாகப் படிப்பார். அப்போது பேனாவை வைத்துவிட்டுக் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். விட்டுப்போன வார்த்தையெல்லாம் அந்த இரண்டாவது தடவையில்தான் அகப்படும். எழுதுவது ஒரு வேலை, திரும்பப் படிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

அதனால், மேவனில் டேபிளை ஏற்றிய கையோடு அடுத்த கட்டத்தில் ஒரு சோதனையையும் எழுதி வைக்கச் சொன்னேன். இரண்டே கேள்விதான். கிளை கிடைக்காத ஓய்வூதியர் யாராவது இருக்கிறாரா? போன முறை இருந்ததைவிட வரிகள் குறைந்திருக்கின்றனவா? முதல் கேள்விக்கு ஒரே ஒரு பெயர் வந்தாலும் பில்ட் நின்றுவிட வேண்டும். இரண்டாவதற்கு, ஏன் குறைந்தது என்று ஒருவர் தன் பெயரோடு எழுதினால்தான் மேலே போக வேண்டும். 2004-இல் இந்த இரண்டு கேள்வியை நான் கேட்டிருந்தால் கம்மல் காதிலேயே இருந்திருக்கும். கேட்பதற்கு எனக்குக் கம்ப்யூட்டர்கூட வேண்டியதில்லை, போன மாதத்துப் பட்டியலை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதுமாயிருந்தது. நான் செய்யவில்லை. மனுஷன் ஒருநாள் செய்வான், ஒருநாள் விட்டுவிடுவான். விட்ட நாளில்தான் பாகூர் அம்மாள் பஸ் ஏறி வந்தார்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிட வேண்டும். எல்லா டேபிளையும் இப்படி ஃபைலிலிருந்து ஏற்றக் கூடாது. கிளை நம்பர், ஊர்ப் பெயர், அகவிலைப்படி விகிதம் போன்றவை நாம் எழுதிக் கொடுக்கிறவை. அவற்றை ஃபைலில் வைத்துப் பில்டோடு அனுப்பலாம். ஓய்வூதியர் பெயர், அவர் போட்ட மனு, அவருக்குப் போன பணம் இவையெல்லாம் ஜன்னலில் வந்து நிற்கிறவர்கள் நாள்தோறும் எழுதுகிற ரிஜிஸ்தர். மூன்று மாதத்துக்கு முந்தைய ஃபைலை வைத்து அதை மேலெழுதினால், இடைப்பட்ட நாட்களில் வந்துபோன அத்தனை பேரும் வரவே இல்லை என்று ஆகிவிடும். எது எந்த வகை என்று பிரித்துத் தருவது எந்தப் பிளகினுக்கும் தெரியாது. அதற்கு ஆபீஸ் வேலை தெரிந்தவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். குமாஸ்தாவுக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொன்னது இதைத்தான்.

பேத்தி ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துப் போன் செய்தாள். லீட் பாதிதான் ஒத்துக்கொண்டாராம். சோதனை டேட்டாபேஸுக்கு மட்டும் மேவனில் போட்டுப் பார்ப்பது, அடுத்த மூன்று மாதத்துக்குள் சரியாக நடந்தால் நிஜத்துக்கும் ப்ளைவே வைப்பது என்று முடிவாம். அதுவும் சரிதான். புது ஆளை முதல் நாளே கஜானாவில் உட்கார வைப்பதில்லை அல்லவா.

"முதல் தடவை ஓட்டினப்ப என்ன ஆச்சு தெரியுமா தாத்தா? பில்ட் ஃபெயிலியர். கோட் டேபிள்ல இல்லாத நம்பரோட பதினோரு கஸ்டமர். யாருக்குமே தெரியாது, ரொம்ப நாளா அப்படியே இருந்திருக்கு" என்றாள்.

சோதனை டேட்டாபேஸ் என்றாலும் நிஜத்தின் நகல்தானே, அந்தப் பதினோரு பேர் யார் என்று முதலில் பார் என்றேன். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இந்தத் தொழிலில் இருந்தால் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் ஆபீஸிலும் நம்பர் போட்ட காகிதம் ஒன்று கட்டாயம் இருக்கும், சுவரிலோ, மேசையிலோ, லேப்டாப்புக்குள்ளேயோ. அதில் 'பழையதைக் காலி செய்யவும்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.